அரைக்கட்டை

மார்னி ஓல்ஷாக்கை அவளுடைய குழுவில் ஒருத்திக்கும் பிடிக்காது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, அவளுக்கே தெரிந்த விஷயம்தான். அவளுக்கும் அவர்களைப் பிடிக்காது. அப்படியிருந்தும் வாரத்தில் நான்கு நாள், விடுதியின் அடித்தளத்தில், துணி துவைக்கும் மெஷின்களுக்கு நடுவே, எல்லாரும் வட்டமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடினார்கள். பாட்டு என்றால் அப்படி ஒரு பைத்தியம்.

குழுவின் பெயர் ரெட் மிட்டன்ஸ். மேடையில் எல்லாரும் சிவப்புக் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பார்கள், கோடையாக இருந்தாலும் சரி. வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. கிட்டார், பியானோ, டிரம் எல்லாம் வாய்தான். ஒருத்தி முன்னால் வந்து தனியாகப் பாடுவாள். மற்றவர்கள் பின்னால் நின்று "டும் டும்" என்றும் "ஊ" என்றும் "ஜன ஜன" என்றும் அவளைத் தாங்கிப் பிடிப்பார்கள். அந்த ஓஹையோ கல்லூரியில் இப்படி ஐந்து குழுக்கள். கால்பந்து அணி வருஷா வருஷம் மண்ணைக் கவ்வினாலும் அங்கே எவனும் கவலைப்பட மாட்டான். பாட்டுக் குழு தோற்றுவிட்டு வந்தால் மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார ஒரு மேஜை கிடைக்காது.

மார்னி நான்காம் வருஷம். குழுவின் சுருதிக் குழல் அவள் கையில்தான் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான சின்னக் குழல்; பாட்டு ஆரம்பிக்கும் முன் அதை ஒரு தடவை மெல்ல ஊதுவாள், எல்லாரும் அதில் சுருதி பிடித்துக்கொள்வார்கள். உண்மையில் அவளுக்கு அந்தக் குழலும் தேவையில்லை. பிறவியிலேயே அப்படி ஒரு காது. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் என்ன சுருதி, லிஃப்ட் மணி என்ன சுருதி என்று பட்டென்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்லுவாள்.

இந்தக் காதுதான் எல்லா வம்புக்கும் காரணம். வாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்கள் பாடப்பாட இறங்குவார்கள். இது உலகத்தில் எல்லாக் குழுவுக்கும் நடப்பது. கொஞ்சம் மூச்சு வாங்கும், கொஞ்சம் சோம்பல் தட்டும், ஒருத்தி ஒரு மயிரிழை தாழ்ந்தால் பக்கத்தில் இருப்பவளும் தாழ்வாள், பாட்டு முடியும்போது ஆரம்பித்த இடத்துக்குக் கீழே எங்கேயோ நிற்பார்கள். எல்லாரும் சேர்ந்து இறங்கினால் கேட்கிறவனுக்குத் தெரியப்போவதில்லை. மார்னிக்குத் தெரியும். அவளுக்கு அது செருப்பில் கல் மாதிரி.

"நிறுத்துங்க. எல்லாரும் நிறுத்துங்க!" என்று கையைத் தட்டுவாள். குழலை ஊதுவாள். "கேட்டுச்சா? இதுதான் நம்ம வீடு. நீங்க இப்ப எங்க இருக்கீங்க தெரியுமா? சாக்கடையில."

"இருக்கிறதே அடித்தளம். இதுக்குக் கீழ சாக்கடைதான் இருக்கும்," என்பாள் டாவினா. வாயாலேயே டிரம் அடிப்பவள் அவள்தான். வாய் சும்மா இருக்காது.

"சிரிக்காதே. பெத்தனி, நீதான் முதல்ல இறங்கினே. நீ இறங்கினா இந்தப் பக்கம் மொத்தமும் உன் பின்னாடியே வரும், ஆட்டு மந்தை."

பெத்தனி முதல் வருஷப் பெண். அடிக்குரல் பாடுகிறவள். அவளுக்குக் கண் கலங்கிவிடும். உடனே நான்கு பேர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு மார்னியை முறைப்பார்கள். மார்னி அதையெல்லாம் கண்டுகொள்ளமாட்டாள். பாட்டின் நடுவில் இறங்குகிறார்கள் என்று தெரிந்த நொடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். 'ஏறுங்க' என்று அர்த்தம். ஒரு ஒத்திகையில் அந்த விரல் எத்தனை தடவை உயரும் என்று பந்தயம் கட்டி விளையாடினார்கள் பின்வரிசைக்காரிகள்.

நேருக்கு நேர் நின்று அவளோடு மல்லுக்கட்டுகிறவள் ஒருத்திதான், கிரெச்சன் போல். விஸ்கான்சின்காரி, மூன்றாம் வருஷம், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். அவள் வாயைத் திறந்தால் துவைக்கும் மெஷினுக்குள் இருப்பவனும் எட்டிப் பார்ப்பான். முக்கியமான தனிப்பாட்டு எல்லாம் அவளுக்குத்தான் போகும்.

"உன் காதுக்காகவா நாங்க பாடறோம்? ஜனங்களுக்குப் பாடறோம்டி. அவங்களுக்கு நல்லா இருந்தா போதும்," என்பாள் கிரெச்சன்.

"தப்பா பாடறது நல்லா இருக்காது."

"உனக்குச் சரியா மட்டும்தான் பாடத் தெரியும். அதான் உன்னை ஒருத்தியும் தேர்ந்தெடுக்கறதில்லை."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது நிஜம். தனிப்பாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க அவர்களிடம் ஒரு முறை உண்டு. ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொருத்தியாகப் பாடிக் காட்டிவிட்டு வெளியே வராந்தாவில் போய் நிற்க வேண்டும். உள்ளே மற்றவர்கள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவார்கள். யார் யாருக்குக் கை தூக்கினார்கள் என்று தெரியக்கூடாதாம். மார்னி நான்கு வருஷமாக அந்த வராந்தாவில் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து வரும் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும். ஒரு தடவை டாவினாவிடம் காரணம் கேட்டாள். டாவினா ஒளித்துப் பேசத் தெரியாதவள். "ஒரு தப்பும் இல்லை மார்னி. கணக்கு டீச்சர் பாடற மாதிரி இருக்கு" என்றாள்.

அறைக்குப் போய் மார்னி அன்று முழுக்க அழுதாள். இப்படிப்பட்டவளும் அழுவாளா என்று கேட்காதீர்கள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். இந்தக் கல்லூரியை விட்டுப் போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முன்னால் இருக்கும் அந்த மைக்குக்குப் போய்த் தனியாகப் பாட வேண்டும். பின்னால் இத்தனை குரலும் தன்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அரங்கு அமைத்துக் கொடுத்தே அவளுக்கு அலுத்துவிட்டது.

கை தூக்கித் தரமாட்டார்கள் என்று தெரிந்தபிறகு, எடுத்துக்கொள்வது என்று முடிவு கட்டினாள்.

பிப்ரவரியில் கிளீவ்லாந்தில் மாநிலப் போட்டி. பாட்டுகளைக் குரல் குரலாகப் பிரித்து எழுதுவது மார்னியின் வேலை. முதல் பாட்டு வேகமானது, கிரெச்சனுக்கு. அது முடிந்ததும் குழலை ஊதாமல், கைதட்டலுக்கும் இடம் கொடுக்காமல், மொத்த நிசப்தம். அந்த நிசப்தத்திலிருந்து தனிப்பாட்டுக்காரியும் குழுவும் ஒரே நொடியில் இரண்டாம் பாட்டுக்குள் குதிக்க வேண்டும். குழுவுக்குக் கஷ்டமில்லை, முதல் பாட்டு முடிந்த சுருதியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். தனிப்பாட்டுக்காரிக்கு மட்டும் அந்தரத்தில் தொங்கும் ஒரு சுரத்தை முதல் சுரமாக வைத்திருந்தாள். கிரெச்சன் முயன்றாள், தவறியது. மறுபடி முயன்றாள், இன்னும் மோசமாகத் தவறியது. ஆசைப்பட்டு முயன்ற மற்ற மூன்று பேருக்கும் அதே கதி. மார்னி வந்து நின்றாள், ஆணி அடித்தாற்போல் பிடித்தாள்.

நன்றாகப் பாடினால் கைதட்டாமல் விரலைச் சொடுக்குவது அவர்கள் பழக்கம். அன்று ஒரு சொடுக்குகூடக் கேட்கவில்லை.

"அடிப்பாவி. உனக்குன்னே அளவெடுத்துத் தைச்சுக்கிட்டியா?" என்றாள் கிரெச்சன்.

"முடிஞ்சா நீ பாடு. நான் வேண்டாம்னு சொல்லலையே."

"இது திருட்டு."

"திருட்டுன்னா இருக்கட்டும். கை தூக்குங்க, பார்க்கலாம். வேற யாருக்குத் தூக்குவீங்க?"

வேறு யாருக்கும் தூக்க முடியாது. தலையைக் கவிழ்க்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை, வெளிப்படையாகவே வேண்டாவெறுப்பாகக் கைகள் உயர்ந்தன. மார்னிக்குத் தனிப்பாட்டு கிடைத்தது. சந்தோஷம் மட்டும் வரவில்லை, அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கிரெச்சன் விடுவதாயில்லை. "ஒண்ணு கேக்கறேன். முதல் பாட்டுல நாங்க இறங்கிட்டோம்னு வை. நீ என்ன பண்ணுவே?"

"இறங்காதீங்க."

"இறங்கினா?"

"நான் இறங்க மாட்டேன். என் இடத்துலதான் நிப்பேன். நீங்க ஏறி வாங்க."

"உனக்காக நாங்க ஏறணுமா? கனவுலகூட நடக்காது. நாங்க எங்க இருக்கோமோ அங்கதான் இருப்போம். மேடையில மானம் போனா உன் மானம்தான் முதல்ல போகும்."

"பார்க்கலாம்."

"பார்த்துரலாம்டி."

இப்படி இரண்டு பேரும் மற்ற பன்னிரண்டு பேர் சாட்சியாக வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அந்த அறையில் இருந்த எல்லாரும் அதை நம்பினார்கள்.

போட்டி சனிக்கிழமை மதியம். ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. பழைய நாடகக் கொட்டகை. வெளியே பஸ்கள், உள்ளே ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு நிறச் சட்டையில் ஒரு கும்பல் "மி மே மா மோ" என்று குரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ரெட் மிட்டன்ஸுக்குக் கிடைத்தது கழிப்பறைக்குப் பக்கத்து நடை. மார்னி அங்கிருந்தபடியே கை உலர்த்தும் மெஷினின் சுருதியைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நடையில்தான் க்ரேடி ஹோல்கம் வந்து வாய்த்தான். அதே கல்லூரியின் ஆண்கள் குழு டீக்கன்ஸ், அதன் தலைவன். மெரூன் கோட்டு, எண்ணெய் தடவி வாரிய தலை, சர்ச் வாசலில் பெரியவர்களிடம் கைகுலுக்குகிறவனுடைய சிரிப்பு. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"மிட்டன்ஸ் எல்லாம் வந்தாச்சா?" என்றான். "மார்னி, உன் பொண்ணுங்க பாட ஆரம்பிச்சா லிஃப்ட் கீழ போகற மாதிரி இருக்குமாமே. இன்னிக்கு எந்த மாடியில முடிக்கிறீங்க? கார் நிறுத்தற எடமா?"

அவன் பின்னால் நின்ற பையன்கள் கனைத்தார்கள். இந்த வசவை மார்னி தினமும் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். அவன் வாயிலிருந்து வந்ததும் அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"டேய் க்ரேடி. போன வருஷம் நீங்க ஜெயிச்சது எப்படின்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரைத் தவிர உன் கூட்டத்துல ஒருத்தனுக்கும் சுருதி நிக்காது. அவனுங்களை நடுமைக்குல நிக்க வெச்சுட்டு மத்தவனுங்களை வாயை மட்டும் அசைக்கச் சொன்னே. சொல்லவா நடுவர்கிட்ட?"

க்ரேடியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "சும்மா கிண்டல் பண்ணேன். நீயே அவங்களைத் திட்டுவேன்னு ஊரே சொல்லுதே."

"நான் திட்டுவேன். நான் திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. எங்க பொண்ணுங்களைப் பத்தி நீ வாயைத் திறந்தே, அந்த எண்ணெய்த் தலையைத் தண்ணிக் குழாய்க்குக் கீழ வெச்சு அலசிடுவேன். போடா."

அவன் போனான். திரும்பினால் கழிப்பறை வாசலில் கிரெச்சன் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "எங்க பொண்ணுங்களா?" என்று மட்டும் கேட்டாள். மார்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கையுறையைப் போடு, நேரமாச்சு" என்றாள்.

மேடை. விளக்கில் கண் கூசியது. மார்னி குழலை ஊதினாள், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள், கையுறையை இழுத்து மாட்டினாள். டாவினாவின் வாயில் டிரம் அதிர்ந்தது. கிரெச்சன் முன்னால் போனாள்.

அன்று அவள் பாடியதைப் போல என்றைக்கும் பாடியதில்லை. பொறாமை பிடித்த மார்னிக்கே மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது அடியிலேயே கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பின்னால் நிற்பவர்களுக்கு வெறி ஏறியது, ஆடிக்கொண்டே பாடினார்கள். மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் என்ன நடக்குமோ அது நடந்தது. மார்னி "டும் டும்" பாடிக்கொண்டே அதைக் கேட்டாள். முதலில் மயிரிழை. பிறகு ஒரு நூல். கடைசி அடி வரும்போது குழு அரைக்கட்டை, சுத்தமாக அரைக்கட்டை, இறங்கி நின்றது. மேடையில் விரல் காட்டித் திருத்த முடியாது, அவளுக்கு முன்னால் நாலு நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாட்டு முடிந்தது. நிசப்தம். எழுதியபடியே எல்லாரும் கல்லாக நின்றார்கள். கிரெச்சன் மைக்கை விட்டுப் பின்னால் வந்தாள். மார்னி முன்னால் போனாள். பாதி மேடையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடந்தார்கள். கிரெச்சன் அவளை ஒரு பார்வை பார்த்தாள். வியர்வை வழியும் அந்த முகத்தில் மார்னிக்குத் தெரிந்தது பழைய 'பார்த்துரலாம்டி'தான்.

மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். நான்கு வருஷமாகப் பின்னால் நின்று அவள் பார்த்த இடம் இது. முதுகுக்குப் பின்னால் குழு, கண்ணுக்கு எதிரே இருட்டில் ஆயிரம் தலை. அவள் காதில் சரியான சுருதி மணி அடித்தாற்போல் ஒலித்துக்கொண்டிருந்தது. அங்கேதான் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறாள். நின்றால் என்ன ஆகும்? பின்னால் இருப்பவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் அரைக்கட்டை கீழே, இவள் மேலே, பாட்டு நாராசமாகிவிடும். கிரெச்சன் உயிரைக் கொடுத்துப் பாடிச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நொடியில் பாழாகும். க்ரேடி ஓரத்தில் நின்று இளிப்பான். சீ, என்று இருந்தது அவளுக்கு. இத்தனை பேரைக் கவிழ்த்துவிட்டுச் சரியாக நின்று யாரிடம் காட்டப்போகிறேன்?

இறங்கலாம், என்று முடிவு செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. சரியானதைக் காதிலிருந்து துரத்திவிட்டு, அரைக்கட்டை கீழே அந்தத் தவறான சுரத்தைத் தேடிப் பிடித்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் அதே நிசப்தத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. கடைசிச் சுரம் அரைக்கட்டை தாழ்ந்து விழுந்ததைத் தன் தொண்டையிலேயே உணர்ந்துவிட்டு வரிசைக்குத் திரும்பிய கிரெச்சன், கூட்டத்தின் கண்ணுக்குப் படாமல் தொடையோடு ஒட்டி, சிவப்புக் கையுறையின் கட்டைவிரலை உயர்த்தினாள். பக்கத்தில் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரெச்சன் மறுபடி விரலை ஆட்டினாள். வரிசை முழுக்க அந்த விரல் போய்ச் சேர்ந்தது. அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். எல்லாரும் மனசுக்குள் அரைக்கட்டை ஏறிக்கொண்டார்கள்.

மார்னி மூச்சு எடுத்தாள். குழு மூச்சு எடுத்தது. ஒரே நொடியில் குதித்தார்கள்.

அப்படி ஒரு அவலச் சத்தத்தை அந்தக் கொட்டகை கேட்டிருக்காது. முன்வரிசையில் ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டது மார்னிக்கு நன்றாகத் தெரிந்தது. ஐயோ, ஏறிவிட்டார்களே! அவளும் சடாரென்று மேலே தாவினாள். அதே நொடியில் கிரெச்சன் 'அட கடவுளே, இறங்கிட்டாளே' என்று கையைக் கீழே காட்ட, குழு சடாரென்று கீழே இறங்கியது. குறுகலான நடையில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் வழிவிட்டு வழிவிட்டு ஒரே பக்கம் முட்டிக்கொள்வார்களே, அந்தக் கதை. மறுபடி அதே நாராசம், இப்போது தலைகீழாக. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பத்துப் பேர். மூன்றாம் தடவை பாதிப் பேர் ஏற, பாதிப் பேர் இருந்த இடத்திலேயே இருக்க, பெத்தனியின் குரல் எங்கேயோ போய்விட்டது. கொட்டகையே சிரித்தது. வேண்டுமென்றே செய்கிற கோமாளித்தனம் என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள். சிலர் விசிலும் அடித்தார்கள்.

எல்லாரும் வாயை மூடினார்கள். மார்னி கையுறையைக் கழற்றினாள், பையிலிருந்து குழலை எடுத்தாள், அத்தனை பேர் பார்க்க அதை ஊதினாள். மேடையில் பாட்டின் நடுவே குழலை எடுத்து ஊதுவது, நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் பெயரை மறந்துபோய்க் கேட்பதற்குச் சமம். இரண்டாம் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மார்னி பாடினாள், சரியாகத்தான் பாடினாள், குரல்கூட நடுங்கவில்லை. கூட்டம் அடுத்த வேடிக்கை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே கேட்டது. அவள் நான்கு வருஷம் காத்திருந்த தனிப்பாட்டு அப்படி முடிந்தது.

டீக்கன்ஸ் ஜெயித்தார்கள். ரெட் மிட்டன்ஸின் பெயர் பட்டியலின் கடைசியில் இருந்து இரண்டாவது. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு க்ரேடி அதே நடைக்கு வந்தான். "அந்த காமெடி யார் யோசனை? நிஜமாத்தான் கேக்கறேன், வயிறு வலிக்கச் சிரிச்சோம்" என்றான். டாவினா பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியை ஒரு உதை விட்டாள். அது அவன் காலில் போய் முட்டியது. அவன் கோப்பையோடு நடையைக் கட்டினான்.

அவன் போனதும் கிரெச்சன் மார்னி பக்கம் திரும்பினாள். அவள் முகம் கையுறை நிறத்துக்கு வந்திருந்தது.

"ஏன்டி இறங்கினே?"

"நீங்க ஏன் ஏறினீங்க?"

"இறங்க மாட்டேன்னு சொன்னது யாரு? எத்தனை பேர் முன்னாடி சொன்னே?"

"ஏற மாட்டேன்னு நீயும்தானே சொன்னே!"

"கோவத்துல சொன்னேன்!"

"நானும் கோவத்துலதான் சொன்னேன்!"

"உன் கோவத்தை நம்பித்தானே ஏறினேன், லூசு! இந்த உலகத்துல எது மாறினாலும் இவ மாறமாட்டான்னு நினைச்சேன். உன் திமிர் ஒண்ணைத்தான் நான் நம்பினேன். அதையும் இன்னிக்குப் பார்த்து விட்டுட்டியே!"

"நான் உங்களுக்காக இறங்கினேன். நீ பாடின பாட்டு வீணாப்போகக் கூடாதேன்னு இறங்கினேன்," என்றாள் மார்னி. சொல்லும்போதே அவளுக்கு எரிச்சலாக வந்தது. நல்லதைச் சொல்லிக் காட்டுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"யாரு கேட்டா உன்னை?"

"உன்னை யாரு கேட்டா?"

"கேக்கணுமா? சோலோ பாடறவ எங்க நிக்கிறாளோ அதுதான் சுருதி. மத்தவங்க அங்க போகணும். திருடி எடுத்த சோலோவா இருந்தாலும் சோலோ சோலோதான். உன்னைப் பிடிக்கணும்னு அவசியமில்லை. பிடிக்கவும் இல்லை, நாளைக்கும் பிடிக்காது. ஆனா ஏறினோம்டி. நீ நிப்பேன்னு சொன்ன இடத்துக்கு வந்தோம். வந்து பார்த்தா நீ அங்க இல்லை."

மேடையில் கேட்ட அந்த நாராசத்தை மார்னி மனசுக்குள் மறுபடி கேட்டுப் பார்த்தாள். தன் குரலை அதிலிருந்து பிரித்து எடுத்துவிட்டு மற்றவர்களை மட்டும் கேட்டாள். அந்தக் காதுக்கு அது முடியும். தூக்கிப் பிடித்த விளக்கு மாதிரி, சரியான இடத்தில், கொஞ்சமும் பிசகாமல் இருந்தது அந்தச் சத்தம். நான்கு வருஷத்தில் அவர்கள் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை. அது அவளுக்காக விரித்த இடம். அவள் அதன்மேல் கால் வைக்கவில்லை.

"யார் யார் ஏறினீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும்," என்றாள் டாவினா, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"எல்லாருமா? பெத்தனியுமா?"

பெத்தனி தலையைக் குனிந்துகொண்டு, "நானும்தான்" என்றாள்.

"எல்லாரும்னா எல்லாரும்தான்," என்றாள் டாவினா. "பதிமூணு பேர் உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்தினோம். செவிடா நீ?"

மார்னி அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். ஒருத்தியும் அவள் பக்கத்தில் வந்து தோளில் கை போடவில்லை. ஒருத்தியும் பஸ்ஸுக்கும் போகவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை அந்த நடையிலேயே நின்றார்கள்.